திறவுகோலாகிய கைப்பேசி: ஒரு திறனாய்வு

ஒருவர் தம்மை இன்னார் என்று மெய்ப்பித்துக் காட்டுவதற்கு மூன்று வழிகளே உள்ளன. அவர் மட்டும் அறிந்த ஒன்றைச் சொல்லலாம். அவரிடம் மட்டும் உள்ள ஒன்றைக் காட்டலாம். அல்லது அவருடைய உடலையே சான்றாக வைக்கலாம். இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். கம்பர் காட்டும் இராமன், சீதையைத் தேடிச் செல்லும் அனுமனிடம் கணையாழியை மட்டும் கொடுத்து அனுப்பவில்லை. தானும் சீதையும் மட்டுமே அறிந்த சில செய்திகளையும் கூறி அனுப்புகிறான். மோதிரம் களவு போகலாம். சொல்லை ஒட்டுக் கேட்கலாம். இரண்டும் ஒருங்கே பகைவன் கையில் சேர்வது அரிது. இன்று கணினித் துறையினர் ‘இரட்டைச் சரிபார்ப்பு’ என்று வழங்கும் முறையின் உட்கருத்து இவ்வளவே.

அம்முறையின் அண்மைக்கால வளர்ச்சியே திறன்பேசியைத் திறவுகோலாக்கும் ஏற்பாடு. மின்னஞ்சல், வங்கி, அரசாங்க அலுவலகம் ஆகியவற்றின் இணையக் கணக்குகளுள் நுழைவதற்குக் கடவுச்சொல்லுக்கு மாற்றாகவோ துணையாகவோ கைப்பேசியைக் கொள்ளுமாறு இன்று பல திசைகளிலிருந்தும் அறிவுரை வருகின்றது. அதனைப் புகழ்வோர் குற்றமே அற்றது என்கின்றனர். அஞ்சுவோர் வேண்டாத வம்பு என்கின்றனர். இருசாராரும் பொருளை முழுதும் ஆராயாமலே தீர்ப்புக் கூறிவிடுகின்றனர் என்பது நம் கருத்து. இதன் நிறை யாது, குறை யாது, யாருடைய வாழ்க்கையை மனத்திற்கொண்டு இது அமைக்கப்பட்டது என்பவற்றை நடுநிலையில் நின்று நோக்குவோம்.

கடவுச்சொல்லின் அடிப்படைக் குறை

கணினியில் கடவுச்சொல் புகுந்தது 1961ஆம் ஆண்டில். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் ஏற்பாட்டை அமைத்த பெர்னாண்டோ கோர்பாட்டோ என்னும் அறிஞர், ஒவ்வொருவர் கோப்பும் தனித்து இருக்கும்பொருட்டு இதனைக் கையாண்டார். அடுத்த ஆண்டே அக்கழகத்து ஆய்வு மாணவர் ஆலன் ஷெர் என்பவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமையால், எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். கடவுச்சொல் பிறந்த மறு ஆண்டிலேயே அதன் களவும் பிறந்துவிட்டது! கோர்பாட்டோவே தம் முதுமையில், 2014இல், கடவுச்சொல் பெருந்தொல்லையாகிவிட்டது என்ற பொருள்படக் கூறினார்.

இதன் குறை மக்களின் மறதியிலோ சோம்பலிலோ மட்டும் இல்லை. அமைப்பிலேயே ஒரு கோணல் உண்டு. கடவுச்சொல் என்பது ஓர் இரகசியம். ஆனால் அதனை நாம் அறிவோம் என்று காட்ட வேண்டுமானால் எதிரே இருப்பவரிடம் அதனைச் சொல்லியே ஆகவேண்டும். எதிரே இருப்பவர் உண்மையான வங்கியாயின் நன்று. வங்கியின் வேடம் பூண்ட கள்வனாயின், சொன்ன அந்த நொடியிலேயே நம் இரகசியம் அவனுடையதாகிவிடுகின்றது. போலித் தளத்தைக் காட்டி இரகசியத்தைக் கவரும் இச்செயலைத் தூண்டில் மோசடி எனலாம்.

குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்க எண்ணும் இக்கோணலை நீக்கவில்லை. அதன் ஆயுளைக் குறைத்தது, அவ்வளவே. போலித் தளத்தில் நாம் அந்த எண்ணைத் தட்டினால், கள்வன் அதனை அடுத்த சில நொடிகளில் உண்மைத் தளத்தில் தட்டி உள்ளே நுழைந்துவிடுகின்றான். சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரால் வந்த போலிக் குறுஞ்செய்திகளை நம்பி ஏறக்குறைய 790 வாடிக்கையாளர்கள் இழந்த தொகை 1 கோடியே 37 இலட்சம் வெள்ளி. அவர்களுட் பலர் படித்தவர்கள். வங்கியின் உண்மையான செய்திகள் வரும் அதே வரிசையில் போலிச் செய்தியும் வந்து அமர்ந்தபோது யாரைக் குறை கூறுவது?

புதிய முறையின் இயல்பு

இக்கோணலை நேராக்கும் வழியை 1976இலேயே விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் இருவர் காட்டினர். இரகசியத்தை வெளியிடாமலே அது நம்மிடம் உண்டென மெய்ப்பிக்கலாம் என்பது அவர்கள் திறந்த பாதையின் பயன். அதனை ஒரு முத்திரை மோதிரத்தால் விளக்கலாம். மோதிரம் அரசனின் விரலை விட்டு நீங்குவதில்லை. அதன் அச்சு மாத்திரம் நாடெங்கும் அறியப்பட்டிருக்கும். ஓலையில் பதிந்த முத்திரையை அறிந்த அச்சோடு ஒப்பிட்டு, இஃது அரசன் ஆணையே என்று எவரும் தெளியலாம். ஆயினும் அச்சைப் பார்த்தவர் எவரும் மோதிரத்தைச் செய்துவிட முடியாது.

திறன்பேசி திறவுகோலாகும்போது நிகழ்வது இதுவே. கைப்பேசிக்குள் இருக்கும் காப்பான பகுதியில் மோதிரம் போன்ற தனித்திறவு தங்குகின்றது. அதற்கு இணையான பொதுத்திறவு, அச்சுப்போல, தளத்தினிடம் ஒப்படைக்கப்படுகின்றது. நாம் நுழைய முற்படும் ஒவ்வொரு முறையும் தளம் புதியதோர் எண்ணை அனுப்புகின்றது. விரல்ரேகையாலோ முகத்தாலோ திரைப்பூட்டின் எண்ணாலோ நாம் இசைவு தெரிவித்தவுடன், கைப்பேசி அவ்வெண்ணின்மீது முத்திரை பதித்துத் திருப்பி அனுப்புகின்றது. நேற்றைய முத்திரை இன்றைக்குப் பயன்படாது.

இதில் மிகவும் போற்றத்தக்க கூறு ஒன்றுண்டு. முத்திரைக்குள் தளத்தின் முகவரியும் சேர்ந்தே பதிகின்றது. வங்கியின் முகவரியில் ஓர் எழுத்தை மாற்றிப் போலித் தளம் அமைத்தால் மனிதக் கண் ஏமாறும், திறவுகோல் ஏமாறாது. அந்தப் போலி முகவரிக்கு உரிய திறவு தன்னிடம் இல்லை என்று அது வாளாவிருந்துவிடும். எது மெய்வாயில், எது பொய்வாயில் என்று அறியும் பொறுப்பு, களைத்தும் பதறியும் இருக்கும் மனிதனிடமிருந்து பதறாத கருவிக்கு மாறுகின்றது. இம்முறையின் உயிர்நிலை இதுவே.

கணினியில் நுழையக் கைப்பேசியைத் திறவுகோலாகக் கொள்ளும்போது வேறொரு காப்பும் உண்டு. புளூடூத் அலையால் இரண்டு கருவிகளும் ஒன்றுக்கொன்று அருகில் உள்ளனவா என்று பார்க்கப்படும். கடல் கடந்த நாட்டிலிருந்து ஒருவன் நம் கணக்கைத் திறக்க முயன்றால், நம் சட்டைப்பையில் உள்ள கைப்பேசி அவனுக்கு உதவாது.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததன்று. பல நிறுவனங்கள் சேர்ந்து 2012இல் அமைத்த ஃபைடோ கூட்டணி பொதுவிதிகளை வகுத்தது. தொடக்கத்தில் இதற்கென விரலளவான தனிக்கருவியை விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. ஆண்டிராய்டு 7 அல்லது அதற்குப் பிந்திய கைப்பேசியையே திறவுகோலாகக் கொள்ளலாம் என்று கூகுள் 2019 ஏப்ரலில் அறிவித்தது. 2020 ஜனவரியில் ஐபோனுக்கும் அவ்வசதி வந்தது. 2022 மே மாதத்தில் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் கடவுச்சொல்லே வேண்டாத ‘பாஸ்கீ’ முறையைத் தத்தம் கருவிகளில் விரிவாக ஆதரிப்பதாக உறுதி கூறின.

பயனுக்குச் சான்று

புகழ்ச்சிக்கு ஆதாரம் வேண்டுமன்றோ? கூகுள் நிறுவனம், நியூயார்க் பல்கலைக்கழகம், சான்டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளரோடு சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவுகளை 2019 மே மாதத்தில் வெளியிட்டது. ஒருவரைக் குறிவைத்து நடத்தப்படும் தாக்குதலில், குறுஞ்செய்தி எண் நூற்றுக்கு 76 முயற்சிகளைத் தடுத்தது. கைப்பேசித் திரையில் ‘ஆம்’ என்று அழுத்தும் முறை 90ஐத் தடுத்தது. பாதுகாப்புத் திறவுகோல் நூற்றையும் தடுத்தது. பொருளை ஆக்கியவரே அளந்த அளவு என்று ஐயுறுவோர்க்கு, அந்நிறுவனத்திற்கு அப்பாற்பட்ட நிகழ்ச்சி ஒன்றைக் காட்டலாம்.

2022இல் ட்விலியோ, கிளவுட்ஃபிளேர் என்னும் இரண்டு அமெரிக்க நிறுவனங்களின் ஊழியர்களுக்கு ஏறத்தாழ ஒரேவிதமான போலிக் குறுஞ்செய்திகள் சென்றன. ட்விலியோவின் ஊழியர் சிலர் ஏமாந்தனர்; கள்வர் உள்ளே புகுந்தனர். கிளவுட்ஃபிளேரிலும் மூன்று ஊழியர் ஏமாந்து, போலித் தளத்தில் தம் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டனர். ஆயினும் கள்வர் நுழைய முடியவில்லை. அங்கு ஒவ்வோர் ஊழியரிடமும் பாதுகாப்புத் திறவுகோல் இருந்ததே காரணம். இரண்டு இடத்தும் மனிதர் தவறினர். ஓரிடத்தில் கருவி தவறவில்லை. இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பெயரால் வரும் மயக்கம்

இங்கு ஒரு மயக்கத்தை நீக்குதல் இன்றியமையாதது. ‘கைப்பேசியால் உறுதிப்படுத்துக’ என்று பொதுவாகச் சொல்லும்போது மூன்று வெவ்வேறு முறைகள் ஒரே பெயருக்குள் அடைக்கப்படுகின்றன. குறுஞ்செய்தியில் வரும் எண் ஒன்று. செயலியில் ‘ஒப்புதல்’ பொத்தானை அழுத்துவது மற்றொன்று. தளத்தின் முகவரியைத் தானே சோதித்து முத்திரையிடும் உண்மையான திறவுகோல் மூன்றாவது. முதல் இரண்டும் மனிதனின் விழிப்பையே நம்பி நிற்பன. மூன்றாவது மட்டுமே அதனை நம்பாதது.

இரண்டாம் முறையின் வலுவின்மையை 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனம் கண்டது. ஒப்பந்த ஊழியர் ஒருவரின் கைப்பேசிக்கு ஒப்புதல் கேட்டு மீண்டும் மீண்டும் அறிவிப்புகள் வந்தன. முதலில் மறுத்தவர் முடிவில் ஒன்றுக்கு இசைந்தார். கள்வன் உள்ளே புகுந்தான். ஓயாத தொல்லைக்குமுன் எவ்வளவு நேரம் ஒருவர் உறுதியாய் நிற்பார்? மூன்றாம் முறைக்குரிய புகழை முதல் இரண்டிற்கும் ஏற்றிக் கூறும் விளம்பரங்களை நம் வாசகர்கள் கூர்ந்து படித்தல் வேண்டும்.

தொலைந்த மோதிரம்

இனிக் குறைகளுக்கு வருவோம். காளிதாசனின் சகுந்தலை துர்வாசரின் சாபத்திற்கு ஆளானவள். அடையாள மோதிரத்தைக் காட்டினாலன்றித் துஷ்யந்தனுக்கு அவள் நினைவு வராது. அம்மோதிரமோ தீர்த்தத்தில் நழுவிவிட்டது. அவையில் அவள் நிற்கின்றாள், பேசுகின்றாள், அவள் அவளேதான். மோதிரம் இல்லாமையால் அவள் யாரோ ஆகிவிட்டாள். பொருளை வைத்தே ஆளை அறியும் எந்த ஏற்பாட்டுக்கும் இவ்விடர் உடன்பிறந்தது. மீன் வயிற்றிலிருந்து மோதிரம் மீண்டது காவியத்தில். ஆற்றில் விழுந்த கைப்பேசி அவ்வாறு மீள்வதில்லை.

அறிவுடைய ஏற்பாட்டாளர் இதனை முன்னரே உணர்ந்திருந்தனர். மிகுந்த ஆபத்துக்குரிய பத்திரிகையாளர், அரசியலாளர் முதலியோர்க்காகக் கூகுள் 2017 அக்டோபரில் தொடங்கிய உயர் பாதுகாப்புத் திட்டத்தில், தொடக்கத்தில் ஒருவருக்கு ஒன்றன்று, இரண்டு திறவுகோல்கள் வேண்டும் என்று விதித்திருந்தனர். ஒன்று தொலைந்தால் மற்றொன்று உதவும். அந்த நல்ல விதி, பொதுமக்களுக்குக் கைப்பேசியே போதும் என்று அறிவுரை கூறும்போது பெரும்பாலும் மறக்கப்படுகின்றது.

இக்குறைக்கு மாற்றாக, பாஸ்கீ முறையில் தனித்திறவுகளை மறையாக்கி இணையக் கிடங்கில் சேமித்து, புதிய கைப்பேசி வாங்கியவுடன் மீண்டும் பெறும் வசதியை நிறுவனங்கள் செய்துள்ளன. இது பேருதவியே, மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் விலையையும் கணக்கிட வேண்டும். விரலை விட்டு நீங்காத மோதிரம் என்ற நிலை அப்போது மாறிவிடுகின்றது. எல்லாத் திறவுகளையும் காக்கும் ஆப்பிள் கணக்கோ கூகுள் கணக்கோ எவ்வளவு உறுதியோ, அவ்வளவே மற்றக் கணக்குகளும் உறுதியாக இருக்கும்.

அந்தத் தாய்க்கணக்கை இழந்தால் அதனை எவ்வாறு மீட்பது? பல இடங்களில் விடை பழைய குறுஞ்செய்தி எண்ணாகவே இருக்கின்றது. முன்வாயிலுக்கு இரும்புக் கதவு இட்டுவிட்டுப் பின்வாயிலைத் தட்டியால் மறைத்த கதை இது. திருடன் எந்த வாயிலைத் தேடுவான் என்று சொல்ல வேண்டுவதில்லை. ஆதலின் ஒரு பூட்டின் தரத்தை அது மூடியிருக்கும்போது அளந்தால் போதாது. திறவுகோலை இழந்த உரிமையாளர் வீட்டினுள் எப்படி மீள்கின்றார் என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

ஓர் ஆளுக்கு ஒரு கைப்பேசியா?

இந்த ஏற்பாட்டின் அடியில் சொல்லப்படாத துணிபு ஒன்று கிடக்கின்றது. ஓர் ஆளுக்கு ஒரு கைப்பேசி உண்டு, அஃது அவருக்கே உரியது, எப்போதும் இயங்குவது, பழுதானால் மறுநாளே மாற்றத்தக்கது என்பதே அது. கலிபோர்னியாவில் அமர்ந்து திட்டம் தீட்டுவோர்க்கு இஃது இயல்பாகத் தோன்றும். நம் தோட்டப்புறக் குடும்பங்களை அறிந்தவர்க்கோ அவ்வாறு தோன்றாது.

பெருந்தொற்றின்போது 2020இலும் 2021இலும் பள்ளிகள் மூடியிருந்த காலத்தில், தந்தை வேலை முடிந்து வீடு திரும்பும்வரை பாடத்திற்காகக் காத்திருந்த பிள்ளைகளைத் தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் பலர் அறிவர். வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. அக்கைப்பேசியில் தந்தையின் வங்கிக் கணக்கும், தாயின் மின்னஞ்சலும், பிள்ளைகளின் பள்ளிக் கணக்குகளும் ஒன்றாய்க் கிடந்தன. அதன் திரைப்பூட்டு எண்ணை வீட்டில் எல்லாரும் அறிவர். அறியாவிடில் பாடம் படிப்பது எப்படி? அத்தகைய வீட்டில் திரைப்பூட்டைத் திறந்தவர் எவரோ அவரே எல்லாக் கணக்குகளுக்கும் உரிமையாளர் ஆகிவிடக்கூடும். கடல் கடந்த கள்வனைத் தடுக்கும் கருவி, வீட்டுக்குள் ஒருவர்க்கொருவர் உள்ள எல்லையை அழித்துவிடுகின்றது. தன் சம்பளத்தைத் தானே காக்க விரும்பும் பெண்ணுக்கு இது சிறு செய்தியன்று.

முன்கட்டணச் சிம் அட்டையை உரிய காலத்தில் புதுப்பிக்காவிடின் எண் கைவிட்டுப் போகும். பின்னர் அது முன்பின் அறியாத ஒருவர்க்கு ஒதுக்கப்படலாம். மீட்பு வழி அவ்வெண்ணையே நம்பியிருந்தால் கணக்கும் அதனோடு போயிற்று. இதுவன்றி, கணினிக்குக் கைப்பேசியைத் திறவுகோலாக்கும்போது பொதுவாக இரண்டு கருவிகளுக்கும் இணையத் தொடர்பு தேவை. கம்பியிணைப்பு உள்ள அலுவலகக் கணினி இயங்கினாலும், அலைத்தொடர்பு எட்டாத தோட்டத்தின் உட்பகுதியில் கைப்பேசி வெறும் கண்ணாடித் துண்டாகிவிடும். கணினியில் செருகும் சிறு திறவுகோலுக்கு இக்குறை இல்லை.

இவற்றை மனத்திற்கொண்டு நம் நாட்டு விதிகளை நோக்குவோம். பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் ஐந்து நடவடிக்கைகளை அறிவித்தது. குறுஞ்செய்தி எண்ணை விட்டு வலுவான முறைக்கு வங்கிகள் மாறவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இணைய வங்கிப் பரிமாற்றத்தை உறுதிப்படுத்த வாடிக்கையாளர் ஒருவர்க்கு ஒரே கருவி என்பது மற்றொன்று. கருவியை முதன்முறை பதிந்தபின் சிறிது நேரம் பொறுத்திருக்கவேண்டும் என்பது வேறொன்று. சிங்கப்பூரில் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் 2024 ஜூலையில், கைப்பேசியில் மின்னிலக்க அடையாளக் கருவியை இயக்கிவிட்ட வாடிக்கையாளர்களுக்கு, வங்கிக் கணக்கினுள் நுழைய ஒருமுறை எண்ணைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தன.

இவ்விதிகளின் நோக்கம் நல்லதே. கள்வன் தன் கைப்பேசியையும் நம் கணக்கில் பதிந்துவிடாமல் தடுக்க ‘ஒரே கருவி’ விதி உதவுகின்றது. ஆயினும் கள்வனைத் தடுக்கும் அதே விதி, மாற்றுத் திறவுகோல் ஒன்றை வைத்துக்கொள்ளும் வழியை உரிமையாளர்க்கும் அடைத்துவிடுகின்றது. நகரத்தார்க்கு வங்கிக் கிளை பக்கத்தில் உண்டு. பல மைல் தொலைவிலுள்ள பட்டணத்திற்கு ஒரு நாள் கூலியை இழந்து போகவேண்டிய தொழிலாளிக்கு, உடைந்த கைப்பேசி என்பது முடங்கிய சம்பளம் என்று பொருள்.

செய்யத்தக்கவை

ஆகவே இம்முறையைத் தள்ளுக என்று நாம் கூறவில்லை. தூண்டில் மோசடிக்கு எதிராக இதனினும் சிறந்த கருவி பொதுமக்கள் கைக்கு இதுவரை வந்ததில்லை. ஏற்கத்தக்கது, ஆனால் நிறைவு செய்யப்பட்டு ஏற்கத்தக்கது. அதற்குச் சில வேண்டுகோள்களை முன்வைக்கலாம்.

முதலாவது, எந்தக் கணக்காயினும் இரண்டாவது திறவுகோல் ஒன்றைப் பதிந்துகொள்ள வழியிருத்தல் வேண்டும். பரிமாற்றத்திற்கு ஒரே கருவி என்று விதிக்கும் வங்கி, அக்கருவி தொலைந்த நாளில் நேரில் சென்று சரிபார்க்கும் ஏற்பாட்டைக் கிளை இல்லாத ஊர்களுக்கும் கொண்டுவருதல் கடமை. அஞ்சலகம், தபால் முகவர், நடமாடும் வங்கி ஊர்தி ஆகிய வழிகளை ஆராயலாம்.

இரண்டாவது, கைப்பேசி இல்லாதாரையும் பகிர்ந்து கொள்வாரையும் குற்றவாளிபோல் நடத்தாமல், செருகும் சிறு திறவுகோலை மலிவாகத் தருதல் வேண்டும். கைப்பேசியைப் போல் அதனை ஆண்டுதோறும் மாற்ற வேண்டியதில்லை. கழுத்துக் கயிற்றிலோ சாவிக் கொத்திலோ கோத்து வைக்கலாம்.

மூன்றாவது, விளக்கம் மக்கள் மொழியில் அமைய வேண்டும். குறுஞ்செய்தி எண்ணும் ஒப்புதல் பொத்தானும் உண்மைத் திறவுகோலும் வேறு வேறு என்பதைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் தெளிவாக எழுதித் தரவேண்டும். ‘பாதுகாப்பானது’ என்ற ஒரே சொல்லை எல்லாவற்றின்மேலும் ஒட்டுதல் கல்வியாகாது.

நம் வாசகர்கள் தாமே செய்யக்கூடியவையும் உள. கைப்பேசியில் வீட்டார் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கை அமைக்கும் வசதி இருப்பின் அதனைப் பயன்படுத்துக. மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் இடத்தில் பத்திரப்படுத்துக. நாம் தொடங்காத நுழைவுக்கு ஒப்புதல் கேட்டு எத்தனை முறை அறிவிப்பு வந்தாலும் இசையாதிருக்க. ஊரில் பெரியவர் ஒருவர்க்கேனும் இதனைப் பொறுமையாகக் கற்றுக்கொடுக்க.

கள்வனை வெளியே நிறுத்துவது பூட்டின் பாதிக் கடமையே. உரியவரை உள்ளே விடுவது மறுபாதி. முதற்பாதியை அறிவியலார் திறம்படச் செய்து முடித்துவிட்டனர். மறுபாதி வங்கிகளிடமும் அரசாங்கத்திடமும் இன்னும் நிலுவையில் கிடக்கின்றது. அந்த நிலுவை தீரும்வரை, கையில் கைப்பேசி இல்லாதவரை நோக்கி ‘நீ யார்’ என்று கேட்கும் உரிமை எந்த வாயிலுக்கும் முழுமையாக வந்துவிடாது.